நம்ம பயணம், நம்ம பொறுப்பு



"பதினெட்டு வருஷமா குழுவுல இருக்கேன். பேங்குக்குப் போயிருக்கேன், கலெக்டர் ஆபீசுக்கும் போயிருக்கேன். கடலை மட்டும் இன்னும் பாக்கலை." போன வருடம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். பிறகு, "வேறு யாரெல்லாம் பார்த்ததில்லை?" என்று கேட்டோம். நிறைய கைகள் உயர்ந்தன. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா ஒரு தடவை கிளம்பத்தான் செய்தார். நாலு வருடத்துக்கு முன் ஒரு ஏஜென்ட், "ஒரே நாளில் ஐந்து கோயில், கடைசியில் திருச்செந்தூர்க் கடல்" என்று சொல்லி தலைக்கு இவ்வளவு என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை. வந்த வேன் வெள்ளை போர்டு. வழியில் சோதனையில் நிறுத்தி, பெர்மிட் இல்லை என்று மூன்று மணி நேரம் ஓரங்கட்டிவிட்டார்கள். இருட்டிவிட்டதால் அப்படியே திரும்பினார்கள். எங்கேயும் கழிவறைக்கு வண்டியை நிறுத்தவில்லை. அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்கவில்லை. மறுநாள் இரண்டு பேருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரி செலவு வேறு. வீட்டில் கிடைத்த பேச்சு: "பொம்பளைங்க தனியாப் போனா இப்படித்தான்."

தப்பு எங்கே நடந்தது? பெண்கள் தனியாகப் போனதாலா? இல்லை. பணம் ஒருவர் கையில், வண்டி இன்னொருவர் கையில், நேரம் டிரைவர் கையில் இருந்தது. பெண்கள் கையில் எதுவுமே இல்லை. குழு நடத்தத் தெரிந்த நமக்குப் பயணம் நடத்தவும் தெரியும். அதைத்தான் இந்த மாதப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. கடன் வாங்கிப் போக வேண்டாம்

குழுச் சேமிப்பையும் சுழல் நிதியையும் பயணத்துக்குத் தொடாதீர்கள். உள்கடன் எடுத்தும் போக வேண்டாம். "பயணச் சேமிப்பு" என்று தனி நோட்டு போடுங்கள். வாரம் 50 ரூபாய் வீதம் 40 வாரம் கட்டினால் ஒருவருக்கு 2,000 ரூபாய். 12 பேருக்கு 24,000 ரூபாய். யார் போகிறார்கள், எங்கே, எப்போது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். யாராவது இடையில் நின்றால் அவர் பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதையும் முதலிலேயே எழுதிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

2. செலவுக் கணக்கு

12 பேர், இரண்டு நாள், ஒரு இரவு என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். உங்கள் ஊர் விலையை விசாரித்துத் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வேன் வாடகை – ரூ.11,000
நான்கு அறை, ஒரு இரவு – ரூ.4,400
சாப்பாடு (ஒருவருக்கு நாளுக்கு ரூ.200) – ரூ.4,800
கோயில், இதரச் செலவு – ரூ.1,600
அவசரத்துக்கு – ரூ.2,200
மொத்தம் – ரூ.24,000

அவசரப் பணத்தை ஒருவரிடமே கொடுக்காமல் இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள். மிஞ்சினால் ஊர் திரும்பியதும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

3. வண்டி பேசும்போது

வாடகை வண்டிக்கு நம்பர் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய அது ஒன்றே போதும். நஷ்டம் நமக்குத்தான். பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். மகளோ மகனோ செல்போனில் "எம்பரிவாகன்" செயலியில் வண்டி நம்பரைப் போட்டாலும் இன்சூரன்சும் எஃப்.சி.யும் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும்.

வாடகை கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் யார் பொறுப்பு? இதைக் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, மீதியை ஊர் திரும்பிய பிறகு கொடுங்கள். 12 சீட்டு வண்டியில் 12 பேர்தான். "சின்னப் பிள்ளைதானே, மடியில உக்காரட்டும்" என்பது வேண்டாம். ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்லாதீர்கள். டிரைவருக்கும் தூக்கம் வேண்டும்.

ரயிலில் போவதாக இருந்தால் 60 நாள் முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். 45 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களுக்கு, இடம் இருந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கும். வயதைச் சரியாகச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட்டால் நட்டம் நமக்குத்தான்!

4. தண்ணீர் குடியுங்கள்

இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்த வேண்டும் என்று கிளம்பும் முன்பே டிரைவரிடம் பேசிவிடுங்கள். டீசல் போடும் பங்க்கில் கழிவறையைத் தயங்காமல் கேளுங்கள். மாதவிடாய் நாப்கின், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, ரயிலில் 139. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் கைகொடுக்கும்.

5. வீட்டை யார் பார்ப்பது?

உண்மையில் பயணத்தை நிறுத்துவது பணம் இல்லை, இந்தக் கேள்விதான். மாடு யார் கறப்பது, மாமியாருக்கு யார் மாத்திரை கொடுப்பது, பிள்ளைக்கு யார் சோறு போடுவது? அந்த அக்காவின் குழுவில் இருபது பேர். இந்தத் தடவை 12 பேர் போக, மீதி எட்டுப் பேர் அவர்கள் வீட்டு ஆடு மாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை எட்டுப் பேரும் போவார்கள், இவர்கள் பார்ப்பார்கள். இதையும் தீர்மானமாக எழுதினார்கள். வீட்டில் ஒளித்து மறைக்காமல் எங்கே தங்குகிறோம், வண்டி நம்பர் என்ன, எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். "கணக்கு சரியா இருக்கே" என்று அக்காவின் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

அவர்கள் பார்த்தது

அவர்கள் போனது ராமேஸ்வரம். பாம்பன் சாலைப் பாலத்தில் வேன் போகும்போதே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், அதன் பக்கத்தில் 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலமும் தெரிந்தன. கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும். கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடினார்கள். (மாற்றுப் புடவையைப் பையில் மேலாக வையுங்கள்.) மறுநாள் காலை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. இடிந்த தேவாலயம் இன்னும் நிற்கிறது. முன்பெல்லாம் மணலில்தான் போக வேண்டும். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல ரோடு. மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவதால் பகலிலேயே போய் வாருங்கள்.

அக்கா கடலில் முழங்கால் வரை இறங்கி நின்றார். "என்னக்கா, பேச்சையே காணோம்?" என்று கேட்டதற்கு, "இவ்வளவு பெருசுன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

வெளிநாடும் தூரம் இல்லை

நேபாளம் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும். ஆனால் 15 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. மற்ற நாடுகளுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். பல ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது காலம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. "டூர் விசாவில் போங்க, அங்கே வேலையும் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுலா விசா சுற்றிப் பார்க்க மட்டும்தான். அதில் போய் வேலை பார்த்தால் அங்கே மாட்டிக்கொள்வது நாம்தான். பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் விட்டுவைக்காதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யார் எந்த ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்? எல்லோரையும் சொல்ல வையுங்கள்.
2. வாரம் எவ்வளவு கட்ட முடியும்? எத்தனை வாரத்தில் போகலாம்?
3. போகிறவர் வீட்டை யார் பார்ப்பது?
4. இதுவரை போன பயணங்களில் எது நம் கையில் இல்லாமல் போனது?

வருடம் முழுக்க காட்டிலும் வீட்டிலும் உழைக்கிற நமக்கு இரண்டு நாள் சந்தோஷம் ஆடம்பரம் இல்லை, நம் உரிமை. போய் வந்த குழுக்கள் உங்கள் வரவு செலவை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம். மற்ற குழுக்களுக்கு அது வழிகாட்டும்.