மலக்கசிவுக்கு நரம்புத் தூண்டல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மலத்தை அடக்க முடியாததை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள். வெளியே கிளம்பும் நாளில் சாப்பிட மாட்டார்கள். மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காத கசிவுக்கு ஒரு வழி, சேக்ரல் நெர்வ் ஸ்டிமுலேஷன். முதுகின் அடியிலுள்ள திருவெலும்பின் துளை வழியாக, பெரும்பாலும் எஸ்3 நரம்பருகே மெல்லிய ஒயரை வைத்து, லேசான மின்துடிப்பு கொடுப்பார்கள். மலக்கசிவுக்கு இது பயன்பட்டதை ஜெர்மனி மருத்துவர்கள் 1995-ல் வெளியிட்டார்கள், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-ல் அனுமதித்தது. முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு முடிவெடுக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. அந்த வசதியை முழுசாகப் பயன்படுத்துங்கள்.

செய்ய வேண்டியவை

1. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "வயிறு சரியில்லை" என்றால் வயிற்றுக்குத்தான் மாத்திரை கிடைக்கும். "என்னை அறியாமல் மலம் கசிகிறது" என்றே சொல்லுங்கள்.

2. இன்றே ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள். "காலை 10.20, பஸ்ஸில், தண்ணீராக. வருவது தெரிந்தது, இறங்குவதற்குள் போய்விட்டது." இவ்வளவு போதும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இதுதான் ஆதாரம்.

3. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிரசவத்தில் கிழிந்த தசை, சர்க்கரை நோயில் கெட்ட நரம்பு, மலச்சிக்கலில் இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் கசிவு என ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

4. எளிய வழிகளை முதலில் முயலுங்கள். உணவு மாற்றம், நார்ச்சத்து, மருத்துவர் எழுதித் தரும் லோபரமைடு மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, தசை இயக்கத்தைக் கருவியில் பார்த்துப் பழகும் பயோஃபீட்பேக். கத்தி படாமலே பலருக்கு இவற்றில் குறைந்துவிடும்.

5. சோதனை நாட்களில் வழக்கம்போல் சாப்பிடுங்கள். ஓரிரு வாரம் மின்துடிப்பு தரும் கருவி உடலுக்கு வெளியே இருக்கும். கசிவு பாதியாவது குறைந்தால்தான் உள்ளே பொருத்துவது வழக்கம். பட்டினி கிடந்தால் குறைந்தது எதனால் என்று தெரியாது.

6. பேட்டரி, எம்.ஆர்.ஐ., செலவு மூன்றையும் முன்கூட்டியே கேளுங்கள். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை. ரீசார்ஜ் வகை சுமார் 15 ஆண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்டது. பழைய மாடல்கள் பலவற்றோடு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது. இன்ஷூரன்ஸ் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

7. கருவியின் அடையாள அட்டையைப் பர்ஸிலேயே வையுங்கள். விமான நிலையத்திலும், ஸ்கேன் அல்லது வேறு அறுவைக்குப் போகும்போதும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. திடீர் கசிவோடு முதுகுவலியும் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கால் தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் இறங்காவிட்டாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்கும் அறிகுறி அது.

2. ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, புதிதாக மாறிய மலப்போக்கு எதுவானாலும் புற்றுநோய் இல்லையென்று பரிசோதனையில் உறுதிசெய்த பிறகே மற்றது.

3. கணுக்கால் அருகே ஊசி வைத்து நரம்பைத் தூண்டும் சிகிச்சையை இதற்குச் சமம் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம் கொடுப்பார்கள். 227 பேரை வைத்து நடந்து 2015-ல் லான்செட்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், அது போலிச் சிகிச்சையைவிடத் தெளிவாக மேலானதாகத் தெரியவில்லை.

4. சோதனையில் பலன் இல்லாவிட்டால் நிரந்தரக் கருவிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "போகப்போகச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் உங்கள் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

5. ஒயர் வைத்த முதல் சில வாரங்கள் குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்காதீர்கள். பாரம் தூக்கினாலும், குனிந்து இடுப்பை முறுக்கினாலும் ஒயர் நகர்ந்துவிடலாம். நகர்ந்தால் பலன் போகும்.

6. காயம் சிவந்து சீழ் வைத்தால் களிம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள். தொற்று உள்ளே இறங்கினால் கருவியையே எடுக்க வேண்டிவரும்.

7. கால் இழுப்பையும் சுரீரென்ற வலியையும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் செட்டிங்கை மாற்றினாலே அடங்கும். ஒயர் நகர்ந்திருந்தால் மருத்துவர் பார்க்கும்போது அதுவும் தெரியவரலாம்.

8. பிசியோதெரபியில் டயாதெர்மி என்ற சூடேற்றும் சிகிச்சை வைக்க விடாதீர்கள். ஒயர் சூடேறி உள்ளே திசுவைப் பொசுக்கிவிடலாம்.

9. கர்ப்பம் தரித்தாலோ, அதற்குத் திட்டமிட்டாலோ மறைக்காதீர்கள். கருவியை அணைத்து வைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

10. முழுசாக நின்றால்தான் வெற்றி என்று நினைக்காதீர்கள். சிலருக்கு நின்றுவிடும், பலருக்குக் குறையும், சிலருக்குப் பலனே இருக்காது. வாரத்துக்கு ஐந்து முறை நேர்வது ஒருமுறையானால் வேலைக்குப் போக முடியுமா என்று யோசித்து முடிவெடுங்கள்.