வாய்த் தூய்மையும் சௌசமே

பதஞ்சலி முனிவர் கூறும் நியமங்கள் ஐந்தில் முதலாவது சௌசம், அதாவது தூய்மை. இறைநாமத்தை உச்சரிக்கும் வாய்க்கும் அது உரியது. காலையில் பல் துலக்காமல் சாதகர் ஜபத்தில் அமர்வதில்லை. இரவில்தான் கவனம் தளர்கிறது. சரக சம்ஹிதையோ நாள்தோறும் இருவேளை, ஈறு புண்படாதவாறு பல் துலக்குமாறு விதிக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது. பல்லிடுக்கில் தங்கிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்க, பல்லின் எனாமல் கரைகிறது. இரவு ஆரதிக்குப்பின் உண்ட பிரசாதமாயினும் இதற்கு விலக்கில்லை!

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி, பீகாரில் குல், ஒடிஸாவில் குடாக்கு எனப் புகையிலைப் பொருள்களாலேயே பல் துலக்கும் பெண்கள் பலர். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. பழக்கம் மட்டும் ஒழியவில்லை. பல்வலி சற்றே மரத்துப்போவதைக் குணமென்று நம்பிவிடுகிறார்கள். பல் துலக்கும்போது கண்ணாடியில் வாயினுள்ளும் பார்த்துக்கொள்வது நலம். வெண்படலமோ, இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண்ணோ தென்பட்டால் பல் மருத்துவரிடம் உடனே காட்டவேண்டும். வாய்ப்புற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.