சுருதி விலகாமல் பாடுவது எப்படி?

அண்மையில் தாசேக் கெலுகோர் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் வெள்ளிக்கிழமைப் பஜனையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தலைமை ஏற்றுப் பாடிய அன்பர் நல்ல குரல்வளம் உடையவர். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கினார். இரண்டாம் அடி வருவதற்குள் ஆடவருள் பாதிப்பேர் வாய் மூடிக்கொண்டனர். எஞ்சியவர்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கினர். பாட்டு முடிந்தபோது ஆர்மோனியம் ஓர் ஊரிலும் குரல்கள் வேறோர் ஊரிலும் இருந்தன. பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் தொடக்கமுதல் கைமட்டும் தட்டிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டோம். "எனக்குக் குரல் இல்லைங்க ஐயா. நான் பாடினால் பாட்டுக் கெட்டுப்போகும் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள்" என்றார்.

குரல் இல்லை என்று ஒதுக்கப்பட்டோர் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். உண்மையில் சுருதி வேறுபாட்டை உணரவே இயலாத செவியுடையவர்கள் மிகச் சிலரே. நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. மற்றவர்கள் சுருதி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொண்டையன்று. பாட்டுத் தொடங்கிய இடம் தவறு, அல்லது பாடும்போது செவி வேலை செய்யவில்லை. இவ்விரண்டையும் திருத்திக்கொள்ளலாம்.

'சுருதி மாதா, லயம் பிதா' என்பது நம் முன்னோர் வழக்கு. (தோட்டத்தில் லயம் என்றால் வீட்டு வரிசைதான் முதலில் நினைவுக்கு வரும், இங்கே நாம் குறிப்பது தாளத்தின் லயத்தை.) தாயாகிய சுருதி என்பது பாட்டு முழுவதற்கும் அடிநிலையாக நிற்கும் ஓர் ஒலி. அதனைச் சட்சம் என்பர். பழந்தமிழர் ஏழிசைக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டபோது, இவ்வடிநிலைக்குக் 'குரல்' என்றே பெயர் தந்தனர். மற்ற ஆறும் அந்த ஒன்றிலிருந்து அளக்கப்படுவன. அளவுகோலே நகர்ந்தால் அளந்தவை எல்லாம் பிழையாகும்.

கோயில் மேளத்தில் இதனை நேரே காணலாம். நாகஸ்வரக்காரருக்கு அருகில் ஒருவர் ஒத்து என்னும் குழலை ஊதுவார். இராகமில்லை, கீர்த்தனையில்லை, இரவு முழுவதும் ஒரே ஒலி. பேச்சு வழக்கில் 'ஒத்து ஊதுகிறான்' என்று ஏளனமாகச் சொல்கிறோம். அந்த ஒத்து நின்றுவிட்டால் பெரிய வித்துவானும் தடுமாறுவார் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இன்று பல இடங்களில் ஒத்துக்காரரின் இடத்தை மின்சுருதிப் பெட்டி பிடித்துவிட்டது. கைப்பேசியிலும் சுருதி ஒலிக்கும் செயலிகள் வந்துவிட்டன. ஆதலால், சுருதிப்பெட்டி வாங்க வசதியில்லை என்று எந்தப் பஜனைக் குழுவும் இனிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனித் தொடங்கும் இடத்துக்கு வருவோம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணிச் சுருதியைக் குறிப்பது நம் வழக்கம். கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை எனப் பெயர் பெறும். ஆடவர் பலருக்கு ஒரு கட்டை இயல்பாகப் பொருந்தும். அச்சட்சம் வினாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள் கொண்டது. பெண்கள் பலருக்கு ஐந்து கட்டை பொருந்தும். அது ஏறத்தாழ 196 அதிர்வுகள். அதாவது, ஆணின் பஞ்சமம் எதுவோ அதுவே பெண்ணின் சட்சம். இருபாலாரும் கூடிப் பாடும் பஜனையில் சிக்கல் பிறக்கும் இடம் இதுதான். ஒரு கட்டையில் தொடங்கினால் பெண்களின் குரல் தாழ்ந்த இடங்களில் காற்றாகிவிடும். ஐந்து கட்டையில் தொடங்கினால் ஆடவர் மேலிடங்களில் கத்துவர், அல்லது விழுவர்.

உயரத் தொடங்குவதே திறமை என்னும் எண்ணம் நாடக மேடையிலிருந்து நமக்கு வந்திருக்கக்கூடும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்றனர். அது அவர்களுக்கு அமைந்த குரல், அக்காலத்தின் தேவையும்கூட. இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்று நாகஸ்வர உலகிலேயே உண்டு. பழைய நாகஸ்வரம் திமிரி எனப்படும். குட்டையான குழல், சுருதி மிக உயர்ந்தது, வீதியுலாவுக்கு ஏற்றது. திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இராகத்தை விரித்து, நின்று நிதானமாக வாசிக்க விரும்பினார். அதற்கேற்ப நீண்ட குழலாகிய பாரி நாகஸ்வரத்தைக் கையாண்டு சுருதியைத் தாழ்த்திக்கொண்டார். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தால் அக்கருவியைச் செய்து தந்தவர் ரங்கநாதன் ஆசாரி. அவ்வூர் நாகஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பட்ட அவரே சுருதியைத் தாழ்த்தினார் என்றால், வெள்ளிக்கிழமைப் பஜனையில் நாம் தாழ்த்துவதில் என்ன குறைவு?

தலைமை ஏற்பவர் செய்ய வேண்டியது இதுதான். பாட்டில் எந்த அடி மிக மேலே போகிறதோ, அந்த அடியை முதலில் தமக்குள் மெதுவாகப் பாடிப் பார்க்க வேண்டும். அது சிரமமின்றி வந்தால் அந்தச் சுருதியில் தொடங்கலாம். கழுத்து நரம்பு புடைத்தால் ஒரு கட்டை இறங்கவேண்டும். கலந்து பாடும் குழு மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் இடையில் முயன்று பார்க்கலாம். மேலே செல்லும் அடிகளைப் பெண்களும், தாழ்ந்த அடிகளை ஆடவரும் பாடுவது என்று பிரித்துக்கொண்டால் ஒருவருக்கும் சுமையில்லை.

குழந்தைகளின் குரல் இன்னும் உயர்ந்தது. இதனை அறியாமல் நாமே ஒரு பிழை செய்தோம். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில் மாணவர்களைப் பாட்டுப் போட்டிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். ஒரு சிறுவன் எத்தனை முறை பாடிக்காட்டினாலும் வேறெங்கோ பாடினான். போட்டி நாளன்று அவனைப் பின்வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றோம். அவனும் அப்படியே செய்தான். சில வாரங்கள் கழித்து, மாலை வேளையில் லயத்துப் பக்கம் சென்றபோது, கோயில் படியில் அமர்ந்து தன் அக்காளுடன் அதே பாட்டை அவன் பாடிக்கொண்டிருக்கக் கேட்டோம். சுருதி இம்மியும் பிசகவில்லை.

பிழை அவனிடம் இல்லை. ஆடவரின் தாழ்ந்த குரலைக் கேட்டு அதற்கிணையான ஒலியைத் தன் குரலில் தேடுவது பிள்ளைகள் பலருக்குக் கடினம். பெண்குரலையோ மற்றொரு பிள்ளையின் குரலையோ அவர்கள் எளிதில் பற்றிக்கொள்வர். இதனைப் பிற்காலத்தில் படித்தறிந்தோம். அந்தச் சிறுவனிடம் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டதற்கு, "வேண்டாம் சார்" என்றான். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆடவர், அக்காளையோ தாயையோ முதலில் பாடச் சொல்லிக் கேட்க வைப்பது நலம்.

அடுத்து, செவிக்கான பயிற்சி. சுருதியைச் சட்சம், பஞ்சமம் இரண்டும் ஒலிக்க வைத்துவிட்டு உடனே பாடத் தொடங்கக் கூடாது. முதலில் ஒரு நிமிடம் கேளுங்கள். பின்னர் வாயை மூடிக்கொண்டு 'ம்' என மெல்ல முனகிச் சட்சத்தைத் தேடுங்கள். நெருங்கிவந்தும் சேராத இரண்டு ஒலிகள் ஓர் அலைவை உண்டாக்கும். ஓர் ஒலி வினாடிக்கு 196 அதிர்வும் மற்றது 199 அதிர்வும் கொண்டிருந்தால், வினாடிக்கு மூன்று முறை ஒலி எழும்பித் தாழ்வது காதுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றானதும் அலைவு நின்று, ஒலி வழுவழுப்பாகிவிடும். தம்புரா மீட்டுவோர் தந்தியை முறுக்கும்போது செவிகொடுப்பது இதற்குத்தான். குரலில் இது சற்று மங்கலாகத் தெரியும். பத்து நாள் பழகினால் பிடிபடும். உரத்த குரலில் இது வராது. தன் குரல் தனக்குக் கேட்காதபோது ஒரு கையைக் காதருகே குவித்துப் பாடும் நாட்டுப்புறப் பாடகரின் பழக்கத்தைப் பின்பற்றலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாட்டு இடையில் சரிவதற்கும் காரணம் உண்டு. ஏறும்போது குரல் முழு அளவு ஏறாமல் சற்றுக் குறைவாக நிற்கும். இறங்கும்போது தேவைக்குமேல் இறங்கிவிடும். அடிக்கு அடி இந்தக் குறை சேர்ந்து, நான்காம் அடியில் அரைக் கட்டை போய்விடும். அடியின் கடைசிச் சொல்லில் மூச்சு தீர்ந்துவிட்டால் சரிவு இன்னும் விரைவாகும். ஆகவே மூச்சு எடுக்கும் இடங்களை முன்கூட்டியே குழுவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டும் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நேற்றைய வெட்டின் வரியை ஒட்டியே இன்றைய கத்தி போகவேண்டும். ஒவ்வொரு நாளும் சற்றே சாய்வு மாறினால் மாத முடிவில் பட்டையின் நிலை என்னவாகும்? பாட்டிலும் ஒவ்வோர் அடி முடிந்ததும் சட்சத்தைச் செவியால் தொட்டுவிட்டு அடுத்த அடியை எடுக்கவேண்டும்.

ஆர்மோனியம் பற்றி ஒரு சொல். பாட்டின் மெட்டை முழுவதும் கூடவே வாசித்துக்கொண்டு போவதால் பாடுவோர் அதன்மேல் சாய்ந்துவிடுகின்றனர். பயிற்சியின்போது சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்து வைத்தால் போதும். உறுமியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும் இடத்தில் எவராலும் சுருதி காக்க இயலாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் குழுக்கள் ஒலிபெருக்கிக் குழாயின் பின்னால் நடக்காமல், சுருதி கேட்கும் இடமாகப் பார்த்து நெருங்கி நடப்பது உதவும்.

மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. மேடையில் அச்சத்தால் குரல் உயர்ந்துவிடும். வீட்டில் நான்கரைக் கட்டையில் பாடிய பிள்ளை அங்கே ஐந்தரையில் தொடங்கி நடுவில் திணறும். பிள்ளைக்குப் பொருந்தும் கட்டை எது என்பதைக் கண்டறிந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். முறை வருவதற்கு முன், மண்டபத்துக்கு வெளியே கைப்பேசியில் அந்தச் சுருதியை வைத்து இரண்டு நிமிடம் முனகச் சொல்லுங்கள். விடியற்காலையில் குரல் கனத்துத் தாழ்ந்திருக்கும் என்பதால், காலையில் போட்டி என்றால் பயிற்சியையும் அதே வேளையில் சில நாள் செய்து பார்ப்பது நல்லது.