தனித்தடமும் பொதுத்தடமும்

மலைமேல் வாழ்வார்க்கு வழியின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. சேலத்திலிருந்து எம் சேர்வராயன் மலைக்கு ஏறுதற்குப் பாதைகள் இரண்டு உள. ஒன்று, அடிவாரத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேரும் பெரும்பாதை. மற்றொன்று, குப்பனூரினின்று புறப்பட்டு எம் சிற்றூராகிய கொட்டச்சேட்டின் வழியே ஏறும் பாதை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரவு தடையுற்றது. வழி ஒன்றேயாயின் வாழ்வு யாதாகும் என்பதை மலையோர் அனைவரும் அப்பொழுது உணர்ந்தனர். அவ்வுணர்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. ஆயின் ஈண்டு யான் ஆராயப் புகுவது வண்டிப்பாதையன்று. நகரத்து வாணிகர் தம் தொழிலுக்கென அமைத்துக்கொள்ளும் இணையப்பாதையாம்.

என் சிற்றப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்பவர். கொட்டச்சேட்டில் அவருக்கு ஒரு கொள்முதற் கொட்டகை உண்டு. சிறு தோட்டக்காரர் கொணரும் மூட்டையை அங்கே நிறுத்து எடையைப் பதிந்தால், செவ்வாய்ப்பேட்டைக் கடையிலுள்ள தலைமைக் கணிப்பொறி கணக்கிட்டுச் சீட்டளிக்கும். பணமும் அப்பொழுதே அவரது வங்கிக் கணக்கிற் சேரும். சென்ற தை மாதத்தில் ஒருநாட் காலை 10 மணிக்குக் கடையின் இணைப்பு அற்றது. மறுநாள் மாலை 5 மணிக்கே மீண்டது. பொங்கல் விடுமுறைக்குச் சென்றிருந்த யான் அன்று கொட்டகையில் இருந்தேன். மூட்டைகளுடன் வந்தோர் உச்சிப்பொழுது கழியும்வரை காத்திருந்தனர். பின்னர்க் கடைசிப் பேருந்தும் போய்விடுமே என்றஞ்சி வெறுங்கையராய்த் திரும்பினர். அவருள் ஒரு மூதாட்டி, “நெட்டு வந்தாத்தான் எங்க காசும் வருமா, கண்ணு?” என்று என்னை வினவினார். விடை கூற அறியாது நின்றேன். அவ்விடையைத் தேடியே இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன்.

நிற்க. வீடுகளிற் பெருவழக்காயுள்ள பிராட்பேண்டை யான் பொதுத்தடம் என்பேன். வாணிகர் ‘லீஸ்டு லைன்’ என வழங்குவதைத் தனித்தடம் என்பேன். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது? பொதுத்தடத்தில் நிலையத்தினின்று புறப்படும் ஓர் ஒளியிழை, தெருவிலுள்ள பிரிப்பானால் 32 அல்லது 64 இல்லங்களுக்குப் பகிரப்படுகின்றது. ஜிபான் எனப்படும் முறையில் அவ்விழை தாங்குவது நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் இறக்கமும், அதிற் பாதியளவே ஏற்றமும் ஆகும். 64 பேரும் ஒருங்கே நிறைய வேண்டின் ஒருவர்க்கு 40 மெகாபிட் இறக்கங்கூடக் கிட்டாது. எல்லாரும் ஒரே நேரத்தில் வேண்டார் என்னும் நம்பிக்கைமீதே ‘100 மெகாபிட்’ என்னும் விளம்பரம் நிற்கின்றது. இது வஞ்சனையன்று; ஊர்க்கிணற்றின் இயல்பு. குறைந்த விலைக்குக் காரணமும் அதுவே.

தனித்தடமோ ஒருவர்க்கென ஒதுக்கப்பட்டது. 20 மெகாபிட் என ஒப்பினால், நிறுவனத்தின் இணையவாயில்வரை அவ்வளவும் எந்நேரமும் அவர்க்கே உரியது. ஏற்றமும் இறக்கமும் சமமாயிருக்கும். மாறாத ஐ.பி. முகவரியும் உடன்வரும். இவ்விரு பண்புகளையும் எளியனவென்று தள்ளற்க. கடை பிறரிடமிருந்து பெறுவது மட்டுமாயின் இறக்கமே போதும். கொட்டச்சேட்டுக் கொட்டகை செவ்வாய்ப்பேட்டைக் கணிப்பொறியை நாடி வருமாயின், கடையின் ஏற்றமே கொட்டகையின் இறக்கமாகும். அக்கணிப்பொறியை நாடி வருவார்க்கு மாறாத முகவரியும் இன்றியமையாதது. இணைப்பு அற்ற அன்று சிற்றப்பாவின் கைப்பேசியில் இணையம் இருந்தும் கொட்டகைக்கு உதவாமற் போனதற்குக் காரணம் இதுவே. தாம் வெளியே செல்ல வழி இருந்தது. பிறர் உள்ளே வர வழி இல்லை.

இனி, தேர்வு செய்வார் கருதற்பாலன மூன்று. முதலாவது தேவை. தேவையை அளவாதார் வேகத்தை விலைபேசலாகாது. நொடிக்கு 8 மெகாபிட் என்பது 1 மெகாபைட்டே. ஆதலின் 10 மெகாபிட் தடத்தில் 1 கிகாபைட் அளவுள்ள கோப்பு செல்ல ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும். ஒரு குரலழைப்புக்கு 100 கிலோபிட் அளவு போதும். கணக்குச் சீட்டுகளுக்கு அதனினும் குறைவே போதும். ஒரு மாதம் நாள்தோறும் மிகுநெரிசற் பொழுதில் எவ்வளவு செலவாகின்றது என்பதை ரௌட்டரிற் குறித்துப் பார்த்து, வளர்ச்சிக்குச் சிறிது கூட்டிக்கொள்வதே முறை. சிற்றப்பாவின் கடையில் அவ்வாறு பார்த்தபொழுது 12 மெகாபிட்டை எந்நாளும் தாண்டவில்லை. அவர் அதுகாறும் கேட்டு வந்ததோ 200 மெகாபிட்!

இரண்டாவது வாக்கு. தனித்தடத்தின் மிகுவிலை வேகத்திற்கன்று, வாக்குறுதிக்கே என்பதை யான் அழுத்திக் கூறுவேன். எஸ்.எல்.ஏ. எனப்படும் ஒப்பந்தத்தில் ‘99.5 விழுக்காடு நேரம் இயங்கும்’ என்றிருக்கும். அரை விழுக்காடுதானே என்று மகிழ்ந்து கையொப்பமிடுவார் பலர். 30 நாள் கொண்ட மாதத்திற்கு 720 மணி. அதில் அரை விழுக்காடு 3 மணி 36 நிமிடம். 99.9 விழுக்காடாயின் 43 நிமிடமே. ஆனால் இக்கணக்கை மாதந்தோறும் பார்ப்பதா, ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதா என்பது வேறொரு வரியிற் கிடக்கும். ஆண்டுக் கணக்காயின் அவ்வரை விழுக்காடு 43 மணி 48 நிமிடமாய்த் திரளும்; அது முழுதும் ஒரே தவணையில் வரினும் வாக்குத் தவறியதாகாது. எம் கடை அற்றுக் கிடந்தது 31 மணி. அந்தோ! அந்நாள் ஆண்டுக் கணக்கினதாகிய அவ்வொப்பந்தம் கையில் இருந்திருப்பினும், நிறுவனம் தன் சொல்லைக் காத்ததாகவே கருதப்பட்டிருக்கும்.

ஆதலின் மாதக் கணக்கையே கேட்டுப் பெறுக. பழுது கூறியபின் எத்துணை மணியிற் சீர்செய்வர் என்பதையும், இரவிலும் விடுமுறையிலும் அவ்வுறுதி உண்டா என்பதையும், பராமரிப்பு நேரம் கணக்கிற் சேருமா என்பதையும் எழுத்தில் வாங்குக. வாக்குத் தவறினால் வாடகையில் ஒரு பகுதி கழிக்கப்படும். இழந்த வாணிகம் ஈடுசெய்யப்படுதல் அரிது. கழிவு நமக்கு ஆதாயமன்று. தருவோர்க்கு ஒரு கடிவாளம் என்றே கொள்க.

மூன்றாவது பாதை. ஒளியிழை மின்கம்பங்களின்மேல் தொங்குகின்றதா, நிலத்தடியிற் செல்கின்றதா? சாலை தோண்டுவோர் கடப்பாரைக்கு அது எத்துணை அணுக்கம்? இரு நிறுவனங்களிடம் இரு தடங்கள் வாங்கினும், இரண்டும் ஒரே குழாயிற் சென்றால் ஒரு வெட்டில் இரண்டும் அறும். பெயர் இரண்டாயிருத்தல் போதாது. வழி இரண்டாயிருத்தல் வேண்டும். ஏற்காட்டுப் பெரும்பாதையில் இரண்டு பேருந்துக் கம்பெனிகள் ஓடினும் மண் சரிந்தால் இரண்டும் நிற்கும். குப்பனூர்ப் பாதை வேறாதலின் அது துணையாகின்றது. உலகப் பெருவழிகளும் இத்தகையனவே. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபொழுது இந்தியாவின் மேற்றிசை இணையப் போக்கு மிகத் தளர்ந்தது. கீழ்த்திசை நோக்கிச் செல்லும் கேபிள்களே மாற்றுவழியாய் உதவின. நிறுவனத்தின் வாயிலுக்கு அப்பால் எத்தனித்தடமும் பொதுவுலகிற் கலப்பதே. ஆதலின், அந்நிறுவனம் வெளியுலகை எத்தனை திசைகளில் அடைகின்றது என்று கேட்பதும் தகும்.

எல்லார்க்கும் தனித்தடம் வேண்டுமோ எனின், வேண்டா. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபொழுது, தொலைபேசி வழியே ஊர்ந்து வந்த தடமும் பெரும்பேறாயிருந்தது. இன்று எளிய பொதுத்தடமே அதனினும் பன்மடங்கு விரைவுடையது. ஒருநாள் இணைப்பின்றியும் தொழில் நடக்குமாயின் தனித்தடத்திற்குப் பன்மடங்கு பணம் இறைத்தல் வீண். இணைப்பு நின்றால் யார் காத்திருப்பர், எத்துணைப்பொழுது காத்திருக்க இயலும், அவர் இழப்பது யாது என்பனவே அளவுகோல். காத்திருப்போன் வாணிகனே ஆயின் அவன் பொறுக்கலாம். பிறர் கூலி காத்திருக்குமாயின் பொறுத்தல் அறமாகாது.

சிற்றப்பா முடிவு செய்ததைக் கூறி அமைவேன். நிலத்தடி இழை வழியாக 20 மெகாபிட் தனித்தடம் ஒன்றும், வேறொரு நிறுவனத்தின் பொதுத்தடம் ஒன்று கடையின் பின்தெரு வழியாகவும் கொண்டார். முன்னது அறின் ரௌட்டர் தானே பின்னதற்கு மாறும். கொட்டகையின் கணிப்பொறிக்கு இரு முகவரிகளும் கற்பிக்கப்பட்டுள்ளன. மின்சாரம் நிற்பினும் நான்கு மணி தாங்கும் யு.பி.எஸ். கருவியும் வைத்தார், விளக்கணைந்த கடைக்கு எத்தடமும் உதவாதன்றோ! கொட்டச்சேட்டிற்கோ பழைய பொதுத்தடமே போதுமெனக் கண்டோம். ஆயினும் தராசின் அருகே இரட்டைத்தாள் புத்தகமும், ஒருநாட் கொள்முதலுக்குரிய ரொக்கமும் இப்பொழுது இருக்கின்றன. இணைப்பு அற்றால் கையெழுத்துச் சீட்டும் கைப்பணமும் தந்து, கணக்கைப் பின்னர்ப் பதிவர்.

அம்மூதாட்டிக்கு யான் அன்று கூறாத விடை இதுவே: நெட்டு வாராவிடினும் காசு வரவேண்டும். தடத்தைத் தேர்வோர் அதன் வேகத்தைக் கேட்குமுன், அது அறுந்த நாளில் யார் வெறுங்கையராய்த் திரும்புவர் என்பதை எண்ணித் தேர்வாராக.