வீட்டுக்கு வைஃபை ரூட்டர் வாங்குமுன்

பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுடன் வீடியோ கால், கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் என்று நம் வீடுகளில் இணைய இணைப்பு இல்லாமல் நடக்காத காரியங்கள் பெருகிவிட்டன. மாதம் தவறாமல் பணமும் கட்டுகிறோம். ஆனாலும் "நெட் சுத்திக்கிட்டே இருக்கு" என்ற புகார் ஓயவில்லை. நல்லதாக ஒரு ரூட்டர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடனே கடைக்குப் போகிறோம். சில வீடுகளில் அது சரியான முடிவு. வேறு சில வீடுகளில் அது வீண் செலவு. நம் வீடு இதில் எந்த வகை என்பதைக் கடைக்குப் போகுமுன்பே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு ஒரு லேப்டாப்பும் ஒரு லேன் கேபிளும் போதும். வீட்டில் லேப்டாப் இல்லையென்றால் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டியில் கேபிளை நேராகச் செருகி, வேகத்தை அளந்து பாருங்கள். வீட்டில் மற்ற எல்லாரும் அந்த நேரம் நெட்டை நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் பணம் கட்டும் வேகம் கேபிளில் வருகிறது, போனில் வரவில்லை என்றால் குறை வைஃபையில் இருக்கிறது. ரூட்டரைப் பற்றி யோசிக்கலாம். கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால் பத்தாயிரம் ரூபாய் ரூட்டர் வாங்கினாலும் பயனில்லை. இணைப்புக் கொடுத்தவரிடம்தான் முறையிட வேண்டும்.

ஒரு சிறு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் ஒரு நொடியில் 100 எம்பி கோப்பு இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்குச் சுமார் 12 எம்பிதான் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனி நம் வீட்டின் அமைப்புக்கு வருவோம். விலையை விடவும், பிராண்டை விடவும் முக்கியமானது இதுதான். நம் பழைய வீடுகள் தெருவிலிருந்து நீளவாக்கில் உள்ளே போகிறவை. திண்ணை, முன்கட்டு, முற்றம், பின்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்களோ பழைய காரைக்கட்டு, ஒரு முழத்துக்குக் குறையாத கனம். கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து வந்து, வாசலை ஒட்டிய அறையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு ஒயர் மிச்சம். ஆனால் வீட்டில் நெட்டை அதிகம் பயன்படுத்துகிற பெண்களும் பிள்ளைகளும் இருப்பது பின்கட்டில். நடுவில் நான்கு சுவர். முன்னறையில் யாரும் இல்லாத நேரத்திலும் அங்கே சிக்னல் நிறைந்து கிடக்கிறது. பிள்ளையோ போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து நின்று பாடம் கேட்கிறது.

இந்த நிலையில் முன்னறையில் எவ்வளவு பெரிய ரூட்டரை வைத்தாலும் பெரிய மாற்றம் வராது. "பாய், இதுல நாலு ஆண்டெனா இருக்கு, அடுத்த தெருவுக்கே எட்டும்" என்று கடையில் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். ரூட்டர் எவ்வளவு பலமாக அனுப்பலாம் என்பதற்கு அரசு விதிமுறை வரம்பு வைத்திருக்கிறது. அதோடு, ரூட்டரின் குரல் போனுக்கு எட்டினால் மட்டும் போதாது. போனின் குரலும் ரூட்டருக்குத் திரும்ப எட்ட வேண்டும். போனுக்குள் இருப்பது சின்னஞ்சிறு ஆண்டெனா.

இதற்குச் சரியான தீர்வு, முன்னறைப் பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அதன் முனையில் ஒரு ரூட்டரை வைப்பது. கேட் 5இ அல்லது கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். வயரிங் வேலை செய்பவர் ஒருவர் அரை நாளில் முடித்துவிடுவார். வீட்டில் பழைய ரூட்டர் சும்மா கிடந்தால் புதிது வாங்கவே வேண்டியதில்லை. அதை ஆக்சஸ் பாயின்ட் என்ற முறைக்கு மாற்றி வைத்தால் போதும். அந்த வசதி இல்லாத பழைய மாடல் என்றால், அதன் செட்டிங்கில் டிஹெச்சிபி என்பதை நிறுத்தி, அதன் முகவரி முன்னறைப் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வேன் ஓட்டையில் அல்லாமல் லேன் ஓட்டையில் செருகவும். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது பதினைந்து நிமிட வேலை.

கேபிள் இழுக்க வழியே இல்லாத வீடுகளுக்கு மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதை வாங்கலாம். விலை கூடுதல். சுவர் பிளக்கில் செருகும் மலிவான ரிப்பீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதாக இருந்தால், வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். போனில் கோடு நிறைந்திருக்கும், வீடியோ நிற்கும்.

ஒரே தளத்தில் உள்ள சிறிய வீடு என்றால் இவ்வளவு பாடுபட வேண்டாம். ரூட்டரை வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு பீரோவின் பின்னாலும் டிவிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவானால், பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஏசி 1200 என்று இருக்கும். 1200 எம்பிபிஎஸ் என்று தோன்றும். உண்மையில் அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867 இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கி எழுதியது. ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். அந்த எண்களும் ஏட்டுக் கணக்குத்தான்.

அடுத்து, பின்னால் உள்ள ஓட்டைகளைக் கவனியுங்கள். 10/100 என்று போட்டிருந்தால் அந்த ரூட்டருக்குள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் நுழையாது. 10/100/1000 அல்லது ஜிகாபிட் என்று இருக்க வேண்டும். உதாரணமாக டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டிலும் ஏசி 1200 என்றே இருக்கும். முதலாவதில் 100 ஓட்டை, இரண்டாவதில் ஜிகாபிட் ஓட்டை. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு முதலாவதை மாட்டினால், ஒவ்வொரு மாதமும் பாதிப் பணம் வீண். 50 எம்பிபிஎஸ் திட்டம் உள்ளவருக்கு அதுவே தாராளம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும், வேகம் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதே பாதையில் நெரிசல் செய்யும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் தடுமாறும். இரண்டும் உள்ள டூயல் பேண்ட் ரூட்டரே வாங்குங்கள். வைஃபை 6 என்பது நிறைய கருவிகள் உள்ள வீட்டுக்கு நல்லது. வீட்டில் உள்ள போன்கள் பழையவை என்றால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க அவசரம் இல்லை. ஏடிஎஸ்எல் மோடம் என்று எழுதியிருப்பது பழைய தொலைபேசிக் கம்பி இணைப்புக்கு உரியது. ஃபைபருக்கு அதை எடுக்காதீர்கள்.

மின்வெட்டு நேரத்துக்கு மினி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவு அதே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் புகைந்துவிடும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ரூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டால், வைஃபை எரியும், நெட் வராது.

வளைகுடாவிலிருந்து ஊர் வரும் சகோதரர்கள் ரூட்டர் கொண்டுவருவதுண்டு. கடையில் காசு கொடுத்து வாங்கியது என்றால் பெரும்பாலும் இங்கே வேலை செய்யும், பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். அங்குள்ள நிறுவனம் இணைப்போடு கொடுத்த பெட்டி என்றால், அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியில் இடத்தை அடைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பாஸ்வேர்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தேடிப் போன காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக் கதவைத் தட்டியது. பூட்டப்படாமல் கிடந்த அவருடைய வைஃபை வழியாக யாரோ அதை அனுப்பியிருந்தார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். அண்டை வீட்டாருக்கு உதவுவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் பாஸ்வேர்டு ஒருவர் கையிலிருந்து பத்துப் பேர் கைக்குப் போவதை நாம் தடுக்க முடியாது. விருந்தினருக்கென்று கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வசதி பல ரூட்டர்களில் உண்டு. அதைக் கொடுங்கள், அவர்கள் போனபின் மாற்றிவிடுங்கள். பூட்டு டபிள்யூபிஏ 2 அல்லது டபிள்யூபிஏ 3 வகையாக இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். ரூட்டரின் செட்டிங்குக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

அதே செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரு எண்களைக் கொடுத்தால், ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை அந்த வைஃபையில் திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இதைக் குடும்பங்களுக்காக இலவசமாகக் கொடுத்துவருகிறது. பிள்ளை வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, விபிஎன் போட்டாலோ இந்தத் தடுப்பு வேலை செய்யாது. போனிலும் தனியே கட்டுப்பாடு வைக்க வேண்டியிருக்கும்.