மூன்று நீதிமன்றங்களும் ஒரு தூக்குக்கயிறும்

ஆவணி மாதத்தில் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடைபெறும்போது, பாண்டியன் ஓங்கிய பிரம்படி அவன் முதுகிலும் அனைத்துயிர் முதுகிலும் விழுந்த கதையைக் கேட்டு மெய்சிலிர்க்கும் நம் ஜனங்கள், பொற்கொல்லன் சொல்லை விசாரணையின்றி நம்பிக் கோவலனைக் கொல்வித்த அரசன் பிழையுணர்ந்த கணத்தில் அரியணையிலேயே உயிர்விட்டதும் இந்த மதுரையில்தான் என்பதை நன்கு அறிந்தவர்கள். ஆயினும், கொடிய கொலைச் செய்தி ஒன்று பத்திரிகையில் வந்துவிட்டால், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் "பிடித்தவனை உடனே தூக்கில் போட வேண்டியதுதானே" என்னும் குரலே ஓங்கி ஒலிக்கிறது. அந்தக் கோபம் நியாயமானதே. அதற்குத் துணைநிற்கும் சில நம்பிக்கைகள்தாம் உண்மைக்கு மாறானவை.

நம்பிக்கை: கோவலன் காலம் வேறு. இன்று மூன்று நீதிமன்றங்களைக் கடந்தே ஒருவன் தூக்குமேடைக்குப் போகிறான். நிரபராதி எப்படியும் தப்பிவிடுவான்.

மகாராஷ்டிரத்தில் 2003-இல் நிகழ்ந்த ஒரு கொடிய கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேர், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைகள், அந்த மூன்றையும் கடந்தவர்களே. விசாரணை நீதிமன்றம் அறுவருக்கும் மரண தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் மூவருக்கு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009-இல் உச்சநீதிமன்றமோ அறுவருக்கும் மரணமே தகுமென்று தீர்ப்பளித்தது. மேலே செல்லச் செல்லப் பிழை குறையவில்லை, வளர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2019 மார்ச் 5 அன்று, அதே உச்சநீதிமன்றம் அவர்கள் அனைவரையும் நிரபராதிகளென விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி ஆணையிட்டது. சம்பவத்தை நேரில் கண்ட சாட்சி, போலீசார் காட்டிய புகைப்படங்களில் முதன்முதலில் வேறு நால்வரையே அடையாளம் காட்டியிருந்தார் என்பதும், அந்த விஷயம் மறைக்கப்பட்டிருந்தது என்பதும் அப்போதுதான் கருத்தில் கொள்ளப்பட்டன. மேல்நீதிமன்றங்கள் பெரும்பாலும் சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரிப்பதில்லை. கீழ்நீதிமன்றத்தில் தொகுக்கப்பட்ட ஆவணக் கட்டினையே வாசிக்கின்றன. அக்கட்டிலிருந்து ஒரு தாள் விடுபட்டுப்போனால், எத்தனை நீதிபதிகள் வாசித்தாலும் அது அவர்கள் கண்ணில் படாது.

இதனினும் என் மனத்தை வாட்டுவது உத்தரப்பிரதேச வழக்கொன்று. ஒரே குற்றம், ஒரே சாட்சியம், ஒரே அளவான பங்கு, மூவருக்கும் மரண தண்டனை. ஒருவருடைய தண்டனையை உச்சநீதிமன்றம் குறைத்தது. இன்னொருவர் கடைசி நேரத்தில் மனுச் செய்து தப்பினார். மூன்றாமவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். மறுவருஷம் அந்த வேற்றுமையை உச்சநீதிமன்றமே வருத்தத்தோடு எடுத்துக்கூறியது. வருந்திய நீதிமன்றத்தின் முன் வந்து நிற்க அவர் உயிரோடில்லை.

நம்பிக்கை: அவனே ஒப்புக்கொண்டானே, வேறென்ன வேண்டும்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கு, அதாவது தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், மரண தண்டனை விதித்தது. மறுவருஷம் உச்சநீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரை விடுதலை செய்தது. அந்நால்வருள் ஒருவரான பேரறிவாளனுக்குக் கைதானபோது வயது பத்தொன்பது. வெடிகுண்டுக்குப் பயன்பட்ட பாட்டரிகளை வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் சாதாரணச் சட்டத்தில் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடுப்புக்கான தடாச் சட்டத்தில் ஆயிற்று. எந்தக் காரியத்துக்காக அந்தப் பாட்டரிகள் கேட்கப்பட்டன என்பது தமக்குத் தெரியாதென்று அவர் சொன்ன வாக்கியத்தைத் தாம் பதிவு செய்யாது விட்டதாக, அவ்வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-இல் பகிரங்கமாகக் கூறினார். 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அது நிரபராதி என்ற தீர்ப்பன்று; விடுதலை குறித்து முடிவெடுப்பதில் ஆளுநர் காட்டிய தாமதத்தை முன்னிட்டு, அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் பிறந்த விடுதலை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவ்வதிகாரியின் மனச்சாட்சி பேசுவதற்கு இருபத்திரண்டு வருஷங்கள் வேண்டியிருந்தன. அதுவரை அந்த இளைஞர் உயிரோடிருந்தது தண்டனை நிறைவேற்றம் பலமுறை தள்ளிப்போனதால் மட்டுமே.

நம்பிக்கை: தூக்குத் தண்டனை இல்லையேல் கொலைகள் பெருகும்.

நம் மேற்கு மலைக்கு அப்பால், திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை எடுத்துவிட்டது. அது அமலில் இல்லாத 1945 முதல் 1950 வரையில் அங்கே 962 கொலைகள். மீண்டும் வந்தபின் 1950 முதல் 1955 வரையில் 967. தூக்கு இல்லாததால் கொலைகள் பெருகிவிடவில்லை. 

நம்பிக்கை: தூக்கை எதிர்ப்பவர்களுக்குக் கொலையுண்டவர்கள்மீது இரக்கமில்லை.

இதுவே மிகக் கொடிய அபாண்டம். தவறானவரைத் தூக்கிலிட்டால் உண்மைக் கொலையாளி தப்பி, மேலும் உயிர்கள் பலியாகலாம். லண்டனில் தன் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1950 மார்ச்சில் திமதி எவன்ஸ் என்னும் எழுத்தறிவற்ற இளைஞர் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவன் அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. வழக்கு முடிந்தது, நியாயம் கிடைத்தது என்று ஊரார் நிம்மதியடைந்தார்கள். அதன்பின் மூன்று வருஷங்களுக்குள் கிறிஸ்டி தன் மனைவி உட்பட நான்கு பெண்களைக் கொன்றான். பிடிபட்டபின் எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று ஒப்புக்கொண்டான். எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1966-இல்.