ஈயும் எருக்குழியும்

வீட்டு ஈக்குக் கடித்துத் தின்னும் தாடைகள் கிடையா. பஞ்சு போன்ற உறிஞ்சுவாயே உண்டு. எனவே சர்க்கரைக் கட்டிமீது அமர்ந்தால், முன்பு உண்ட நீரில் ஒரு துளியை உமிழ்ந்து, அதைக் கரைத்த பின்னரே உறிஞ்சுகிறது. சற்றுமுன் மலத்தில் அமர்ந்த ஈ நமது உணவில் எதை விட்டுச் செல்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. சீதபேதி போன்ற நோய்களின் கிருமிகள் இவ்வாறும் பரவுகின்றன.

ஈ உயிர்வாழச் சர்க்கரை போதும். பெண் ஈக்கு முட்டை உருவாகப் புரதமும் வேண்டும். சாணத்திலும் அழுகும் குப்பையிலும் அது ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டைகள் வரை இடுகிறது. கோடையில் ஒரே நாளுக்குள் புழு வெளிவருகிறது. நாலைந்து நாட்களில் முழு வளர்ச்சி பெற்று, ஈரக் குவியலை விட்டு நீங்கி, அருகிலுள்ள உலர்ந்த மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து ஈயாகப் பத்து நாட்களே போதும்.

நிர்வாகத்தினர் கருத வேண்டியது இந்த நாட்கணக்கையே. வாரம் ஒருமுறை குப்பை அள்ளினால், புழுக்கள் மண்ணில் இறங்கிய பிறகு வெறும் குப்பையே வண்டியேறுகிறது. செலவு என்னவோ ஆகிவிடுகிறது. இருமுறை அள்ளினால் புழுக்களும் உடன் செல்லும். மருந்துத் தெளிப்பு இதற்கு ஈடாகாது; டி.டி.டி.க்கு மசியாத ஈக்கள் 1940-களிலேயே தோன்றிவிட்டன.

கிராமத்தில் சாணம் குப்பையன்று, உரம். அதை அகற்றச் சொல்ல இயலாது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய கம்போஸ்டு முறை இங்கு பயன்படும். குவியலின் உள்வெப்பம் புழுக்களைக் கொல்கிறது. ஆனால் ஓரங்கள் குளிர்ந்தே இருப்பதால் புழுக்கள் அங்கு ஒதுங்கும். எனவே குவியலைக் கிளறி, வெளிப்புறத்தை உள்ளே தள்ள வேண்டும். பெரும்பாலான எருக்குழிகளில் விடுபட்டுப் போவது இந்த ஒரு வேலையே.